மழைக்கூரையும் மண்ணுக்குள் காற்றும்

பசுமைக்குடில் குளிர்நாட்டின் தேவையில் பிறந்தது. வெளியே உறைபனி படிந்திருக்கும்போது வெயிலின் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவே ஐரோப்பிய விவசாயி கண்ணாடியைக் கூரையாக்கினார். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு அந்தத் தேவை இல்லை. ஆண்டின் எந்த இரவிலும் அங்கே தக்காளிச் செடிக்குக் குளிர் தாக்குவதில்லை. பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அங்கே மிகுதியாக இருப்பது மழை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழைகளும் தீவுகளை நனைப்பதால் மே முதல் டிசம்பர் வரை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. சென்னையின் ஆண்டு மழையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை நேர்மாறான வறட்சி. இந்த எட்டு மாத ஈரத்தில் தக்காளி, மிளகாய், குடைமிளகாய், காலிஃபிளவர் போன்றவற்றைத் திறந்தவெளியில் காப்பாற்றுவது கடினம் என்பதால் காய்கறியின் ஒரு பகுதி சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடல் கடந்து வருகிறது. இதற்கு மாற்றாகத்தான் பாலித்தீன் கூரை போட்ட மழைக்குடில்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. பூ உதிராமல், இலை அழுகாமல் கூரை காக்கிறது என்பது வழக்கமான விளக்கம். அது உண்மையே. ஆனால் அந்தக் கூரை செய்யும் மிகப் பெரிய வேலை செடிக்கு மேலே நடப்பதில்லை. மண்ணின் நுண்துளைகள் நீரால் அடைபடாமல் தடுத்து, வேருக்கும் நுண்ணுயிர்களுக்கும் காற்று போய்ச்சேர விடுவதே அது. தீவுகளின் பசுமைக்குடிலை முதலில் மண்ணுக்குக் காற்றூட்டும் கருவியாகவே வடிவமைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அப்படி வடிவமைக்காத இடத்தில் கூரைக்குச் செலவிட்ட பணத்தின் பெரும்பகுதி பயன்தராது.

நல்ல தோட்டமண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதி வெற்றிடம். அதில் நீரும் காற்றும் மாறி மாறிக் குடியிருக்கின்றன. ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்து நிற்பது ஏழரை மில்லிகிராம்தான். இருப்பைவிடப் போக்குவரத்தில் உள்ள வேறுபாடு இன்னும் பெரிது. ஆக்சிஜன் காற்றுவழியே பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீர்வழியே பரவுகிறது. ஆகவே நுண்துளைகளில் நீர் நிரம்பிய மறுகணமே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதில்லை, ஆனால் தீர்ந்ததை ஈடுசெய்ய வழி அடைபட்டுவிடுகிறது. மண்ணின் மொத்தக் கன அளவில் பத்து சதவீதமாவது காற்று நிரம்பிய வழியாக இல்லாவிட்டால் பெரும்பாலான காய்கறிகளின் வேர் திணறத் தொடங்கும் என்பது மண்ணியலார் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் அளவுகோல். இதில் வெப்பத்துக்கும் பங்கு உண்டு. வெப்பம் பத்து டிகிரி கூடினால் மண்ணுயிர்களின் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகிறது. குளிர்நாட்டில் வெள்ளம் தேங்கிய வயல் சில நாள் தாங்கும். அந்தமானின் வெதுவெதுப்பான களிமண்ணில் இருக்கும் ஆக்சிஜனை ஒரு நாளுக்குள்ளேயே உயிர்கள் உண்டு தீர்த்துவிடலாம். ஆகவே நீர் தேங்குவதால் வரும் கேடு வெப்பமண்டலத் தீவில் மிக விரைவாக வந்து சேர்கிறது.

காற்று போனபின் மண்ணில் நடப்பதை விரிவாக விளக்கியவர் இலங்கையில் பிறந்து பிலிப்பைன்ஸின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் பொன்னம்பெரும. நீரில் மூழ்கிய மண்ணின் வேதியியலைப் பற்றி 1972இல் அவர் எழுதிய நெடிய கட்டுரை இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல்போல் மதிக்கப்படுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் செத்துப்போவதில்லை; ஆட்கள் மாறுகிறார்கள். ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் முதலில் மேலோங்கும். அது தீர்ந்தால் மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட், கடைசியில் மீத்தேன் உண்டாக்கும் உயிர்கள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரே அளவு மட்கிலிருந்து கிடைக்கும் ஆற்றல் குறைகிறது, மட்கும் வேகமும் குறைகிறது. காய்கறி விவசாயிக்கு முதல் படியே போதுமான இழப்பு. அவர் வாங்கிப் போட்ட யூரியாவும் தொழுவுரமும் அம்மோனியமாகி, பிறகு நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா முதலிய பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாக மாற வேண்டும். இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் கட்டாயம். ஈரம் ஏறி இறங்கும் மண்ணில் காற்றுள்ள நாளில் உருவான நைட்ரேட், காற்றில்லாத நாளில் நைட்ரஜன் வாயுவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் பறந்துவிடுகிறது. கப்பல் கூலி கொடுத்துத் தீவுக்குக் கொண்டுவந்த உரம் இப்படி வானத்துக்குப் போவதை நினைத்தால், மண்காற்று என்பது முதலில் ஒரு பணக்கணக்கு என்பது விளங்கும்.

செடியின் பக்கம் இன்னும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தக்காளிச் செடி நீரில் நிற்கும்போதே வாடும். வேர் நீரை உள்ளே விடுவதற்கும் உப்புகளைத் தெரிந்தெடுப்பதற்கும் ஆற்றல் வேண்டும். சுவாசம் தடைபட்டால் வேரின் வழிகள் அடைபடுகின்றன. கூடவே மூச்சுத்திணறும் வேரில் எத்திலீனின் முன்பொருள் உருவாகித் தண்டு வழியே ஏறி, இலைக்காம்புகளைக் கீழ்நோக்கி வளைக்கிறது. கால்சியம் போதாமல் காயின் அடி கறுத்து அழுகுகிறது. வாடிய செடியைக் கண்டதும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவது மனித இயல்பு. அந்த இரக்கம் செடியைக் கொன்றுவிடும். அந்தமானில் இந்த வாடலோடு குழப்பிக்கொள்ளத்தக்க இன்னொரு வாடலும் பெருவாரியாக உண்டு. ரால்ஸ்டோனியா சோலனேசியாரம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் வாடல் நோய், கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் தாக்கும். தண்டை வெட்டிக் கண்ணாடிக் குவளை நீரில் நிறுத்தினால் பால் போன்ற இழை வழிவதைக் கொண்டு இதை அறியலாம். போர்ட் பிளேரில் 1978இல் தொடங்கப்பட்ட மத்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இன்றைய மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், இந்த நோயைத் தாங்கும் கத்தரி ரகத்தை வெளியிட்டது தீவு வேளாண்மைக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் ஒன்று. காற்றூட்டினால் இந்தக் கிருமி ஒழியும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். அதுவும் காற்றை விரும்பும் உயிரே. ஆக்சிஜன் குறைந்த தண்டுக்குழாய்க்குள் நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் அது பாத்திக்குப் பாத்தி பரவுவது ஓடும், தேங்கும் நீரின் வழியே. வடிகால் அந்தப் பாதையைத் துண்டிக்கிறது. நலமான வேரைச் சுற்றி நெருக்கமாக வாழும் போட்டி உயிர்கள் கிருமிக்கு இடம் விடுவதும் குறைவு. மண்காற்று மருந்தாகாது, நோய்க்குச் சாதகமான சூழலைக் குறைக்கும் ஒரு காரணியாகும்.

உலர்த்தலின் பயனைப் பற்றித் தமிழில் மிகப் பழைய சான்று திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இருக்கிறது. உழுத புழுதி ஒரு பலம் கால் பலமாகும்படி காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் செழிக்கும் என்கிறது 1037ஆம் குறள். கென்யாவில் பணியாற்றிய பர்ச் என்ற மண்ணியலாளர் 1958இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நுண்ணுயிரியல் விளக்கத்தைத் தந்தது. மண் நன்றாகக் காயும்போது நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. மண்கட்டிகளுக்குள் பூட்டிக் கிடந்த மட்கும் வெளிப்படுகிறது. மறுபடி நீர் பட்டதும் எஞ்சிய உயிர்கள் காற்று நிறைந்த துளைகளில் இவற்றை உண்டு பெருகி, சில நாட்களுக்குள் பெருமளவு நைட்ரஜனை வெளியிடுகின்றன. இந்தக் குறளைச் சான்றாக எடுப்பது பெருமை பேசுவதற்காக அல்ல. அது மழைக்கும் மழைக்கும் இடையே நீண்ட வெயில் உள்ள நாட்டின் அறிவு. 2011 கணக்கெடுப்பில் தீவு மக்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்கள் கொண்டுசென்ற கோடை உழவு அந்தமானில் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் மட்டுமே கைகூடும். மழைக்கூரை இந்தக் கட்டுப்பாட்டை அகற்றுகிறது. ஆகஸ்டிலோ அக்டோபரிலோ ஒரு போகம் முடிந்ததும் சொட்டுநீரை நிறுத்தி, இரண்டு மூன்று வாரம் பாத்தியை உலரவிடக் கூரைக்கு அடியில் முடியும். வெளியே மழை கொட்டும்போது உள்ளே கோடையை உண்டாக்கும் இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல், போகத்துக்குப் போகம் ஈரம் மாறாமல் மண்ணை வைத்திருப்பது கூரையின் பாதிப் பயனை வீணாக்குவது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இப்படி வெளிவரும் சத்து மண்ணின் சேமிப்பிலிருந்து எடுத்தது. உழுவதைவிட எரு இடுவது நன்று என்று அடுத்த குறளே சொல்கிறது. காற்று சேமிப்பைச் செலவழிக்கும் வேகத்தைக் கூட்டும். எருதான் அதைத் திரும்ப நிரப்பும்.

கூரை மட்டும் போதும் என்று எண்ணுவது தீவின் நில அமைப்பை மறப்பது. 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தென்அந்தமானின் தரை ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரை உயர்ந்தது. சிப்பிகாட் போன்ற இடங்களில் வயலாக இருந்த நிலம் நிரந்தரமாகக் கடல்நீருக்கு அடியில் போனது. அதை ஒட்டிய தாழ்நிலங்களில் நிலத்தடி நீர்மட்டம் வேரைத் தொடும் தூரத்துக்கு ஏறிவிட்டது. மேலே விழும் மழையைக் கூரை தடுக்கலாம். கீழிருந்து ஏறும் நீரையும் பக்கத்து வயலிலிருந்து கசிந்து வருவதையும் அது தடுக்காது. கடல்நீரோடு வந்த சோடியம் களிமண் துகள்களைப் பிரித்துவிட்டு நுண்துளைகளை அடைப்பதால் காற்றின் வழி இன்னும் குறுகுகிறது. இங்கே மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் முன்வைத்த தீர்வு அகலப் பாத்தியும் ஆழ வாய்க்காலும் மாறி மாறி அமைக்கும் முறை. ஏறத்தாழ நான்கு மீட்டர் அகலத்தில் மேடை. பக்கத்தில் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால். வாய்க்கால் மண்ணே மேடையாகிறது. மேடையில் காய்கறி, வாய்க்காலில் நெல்லும் மீனும். ஜாவாவின் தாழ்நில விவசாயிகள் சோர்ஜான் என்ற பெயரில் வெகுகாலமாகச் செய்துவரும் முறைக்கு இது உறவு. மழை மேடையின் உப்பை அலசி வாய்க்காலுக்கு இறக்குகிறது, மேடையின் மண் காற்றோடு உறவாடுகிறது. ஒரே வயலில் காற்றில்லா மண்ணை நெல்லுக்கும் காற்றுள்ள மண்ணைக் காய்கறிக்கும் பிரித்துக் கொடுக்கும் இந்த அமைப்பைத் தீவுகளுக்குக் கிடைத்த மிகச் சிறந்த மண்ணியல் சிந்தனை என்று நான் கருதுகிறேன். மழைக்குடிலை இதன் மேடைமீது அமைப்பதே முறை. ஆனால் கூரை போட்டபின் உப்பை அலசும் மழை நின்றுவிடும். எனவே மேடையை ஓரிரு பருவம் மழையில் நனையவிட்டு, உப்பு இறங்கியபின் கூரை போடுவதே சரியான வரிசை.

இதற்கு நேர் எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. காற்று தேவையென்றால் குழாய் வழியே செலுத்திவிடலாமே, மண்ணை ஏன் வெட்டிக் கொட்ட வேண்டும்? இது வெறும் கற்பனையன்று. ஆஸ்திரேலியாவின் மத்தியக் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் சூரிய பட்டராய், டேவிட் மிட்மோர் முதலியோர் சொட்டுநீரோடு காற்றுக் குமிழிகளைக் கலந்து செலுத்தினார்கள்; இறுகிய களிமண்ணிலும் உப்பு மண்ணிலும் தக்காளி விளைச்சல் கூடியதை 2006இல் வெளியிட்டார்கள். சீனாவின் ஷான்ஷி மாகாணத்து யாங்லிங்கில் பசுமைக்குடில் தக்காளிப் பாத்திகளில் காற்றழுத்தி மூலம் காற்றைச் செலுத்திச் சோதித்தபோது மண்ணில் பாக்டீரியா, பூஞ்சை முதலியவற்றின் எண்ணிக்கையும் நொதிகளின் செயல்பாடும் உயர்ந்தன. இந்த முடிவுகள் என் வாதத்துக்கு வலுவூட்டுகின்றன. மற்றவற்றை மாற்றாமல் காற்றை மட்டும் கூட்டியபோதே உயிரும் விளைச்சலும் கூடின என்றால், தட்டுப்பாடு காற்றில்தான் இருந்தது என்பது தெளிவு. ஆனால் அந்த வழியே தீவுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனைகளில் மண் நீரில் மூழ்கிக் கிடக்கவில்லை. பாசனம் நனைத்த வேர்ப்பகுதியில் சில மணி நேரம் ஏற்படும் பற்றாக்குறையைத்தான் குழாய்க்காற்று நீக்கியது. நுண்துளைகள் முழுதும் நீர் நிறைந்த தாழ்நிலத்தில் செலுத்திய காற்று எளிய வழி கண்டு மேலே வெளியேறிவிடும். பெரும்பாலும் டீசலை எரித்து மின்சாரம் எடுக்கும் தீவில் காற்றழுத்தியை நாள்தோறும் ஓட்டுவதற்கும் நியாயம் போதாது. சொட்டுநீர்க் குழாயில் நீரின் அழுத்தத்தாலேயே காற்றை உறிஞ்சும் வெஞ்சுரியைப் பொருத்துவது வேறு. அது மலிவு, வடிகால் சரியாக அமைந்த மேடைக்குக் கூடுதல் துணையாக இருக்கும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. இதைக் கடந்துபோவது ஆபத்து. காற்று எல்லா மண்ணுக்கும் நல்லதா? தீவின் கரையோரத் தாழ்நிலங்களில் பல, முன்பு அலையாத்திக் காடுகள் இருந்த இடங்கள். அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் காற்றுப்படாமல் உறங்குகிறது. அதை வெட்டி மேலே கொட்டினால் ஆக்சிஜனும் கந்தகத்தை உண்ணும் பாக்டீரியாக்களும் சேர்ந்து அதைக் கந்தக அமிலமாக்கிவிடும். மண்ணின் கார அமிலக் குறியீடு நான்குக்கும் கீழே விழும், அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். இத்தகைய நிலத்தில் காற்றே நஞ்சு. எனவே வாய்க்கால் வெட்டும் ஆழத்தைப் பைரைட் படிவம் தொடங்கும் ஆழமே முடிவு செய்ய வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டினால் பொங்கி நுரைத்து, அமிலத்தன்மை சட்டென ஏறும் அடுக்கைத் தொடக்கூடாது. இதோடு மூன்றாவது ஒரு மறுப்பையும் சேர்க்கலாம்: ஜப்பானிலும் நெதர்லாந்திலும் தவிடு, புல் முதலியவற்றை மண்ணில் கலந்து நீர்விட்டுப் பாலித்தீன் தாளால் மூடி, சில வாரம் வேண்டுமென்றே காற்றை நீக்கி, வேர்நோய்க் கிருமிகளைக் கொல்கிறார்கள். ஆனால் அங்கே காற்றில்லாமை குறிப்பிட்ட வாரங்களுக்கு, செடி இல்லாத மண்ணில், விவசாயியின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. தாளை எடுத்ததும் காற்று உள்ளே வர வடிகாலும் வேண்டும். வேண்டும்போது காற்றை நீக்கவும் வேண்டும்போது வரவிடவும் முடிகிற மண்ணே விவசாயியின் கையில் உள்ள மண். மழை நினைத்தபோதெல்லாம் மூழ்கடிக்கும் மண்ணில் இந்த உத்தியும் பலிக்காது.

காற்றுள்ள மண் என்றால் எங்கும் ஒரே சீராகக் காற்று நிறைந்த மண் என்று பொருள் கொள்ளக்கூடாது. 1985இல் செக்ஸ்டோன், டீட்ஜி முதலியோர் மெல்லிய ஆக்சிஜன் ஊசிகளை மண்கட்டிகளுக்குள் நுழைத்து அளந்தபோது, வெளியே காற்று நிறைந்திருக்கையிலேயே சில கட்டிகளின் நடுவே ஆக்சிஜன் இல்லாத மையம் இருப்பதைக் கண்டார்கள். பொலபொலப்பான மண் ஒரு நகரத்தைப் போன்றது: அகலமான தெருக்களும் உள்ளே காற்றுப்படாத அறைகளும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் ஒரு கிராம் மண்ணில் நூறு கோடி வரையான பாக்டீரியாக்கள் இத்தனை வகையாகப் பிழைக்கின்றன. இந்த அமைப்பை மண்வெட்டியும் இயந்திரமும் உண்டாக்க முடியாது. ஓயாமல் கிளறினால் இருப்பதும் உடையும். பூஞ்சை இழையும் வேரும் மண்புழுவும் மட்கும்தான் துகள்களை ஒட்டிக் கட்டியாக்குகின்றன. தீவில் இதற்கான மூலப்பொருள் தென்னையிடமிருந்தே கிடைக்கிறது. தேங்காய் மட்டையை மேடையின் அடியில் அடுக்கினால் அது வடிகால். மட்கச்செய்த நார்க்கழிவை மேலே கலந்தால் நீரையும் காற்றையும் ஒருசேரப் பிடித்து வைக்கும். மட்காத நார்க்கழிவில் கார்பன் நைட்ரஜனைப்போல் நூறு மடங்கு அளவில் இருப்பதால் அது நுண்ணுயிர்களைச் செடியின் நைட்ரஜனுக்கே போட்டியாக்கிவிடும். பச்சைச் சாணத்தை ஈரமண்ணில் குவிப்பதும் இதே தவறு. அதைத் தின்னும் உயிர்கள் இருக்கும் ஆக்சிஜனையும் குடித்துத் தீர்க்கும். மேடையின் மேல் காலடி படாமல் நடைபாதையை நிலையாக ஒதுக்குவது செலவில்லாத காரியம், ஆனால் பெரும்பாலான குடில்களில் இடமிச்சத்துக்காக இதையே கைவிடுகிறார்கள். இவ்வளவும் செய்தபின்னும் ஈரம் அடங்காத இடத்தில், தைவானின் உலகக் காய்கறி மையம் பரிந்துரைத்த வழியில், வெள்ளத்தையும் வாடல் நோயையும் தாங்கும் கத்தரி வேர்ச்செடியில் தக்காளியை ஒட்டலாம். மண்ணை மாற்ற முடியாத இடத்தில் வேரை மாற்றுவது நியாயமே.

நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கம் பசுமைக்குடிலுக்கு உதவும்போது கட்டமைப்பின் பரப்பைச் சதுர மீட்டரில் கணக்கிட்டுச் செலவில் பாதி அளவுக்கு மானியம் தருகிறது. வறண்ட மகாராஷ்டிரத்துக்கும் குளிர்ந்த இமாசலத்துக்கும் இந்தக் கணக்கு ஒத்துவரலாம். அந்தமானில் மேடையின் உயரம், வடிகாலின் ஆழம், பைரைட் சோதனை மூன்றும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். குழாயையும் தாளையும்விட அவையே முதன்மைச் செலவாக மதிக்கப்பட வேண்டும். இதைச் சரிபார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. முலாம் பூசாத மெல்லிய எஃகுக் கம்பியைப் பாத்தியில் குத்தி ஒரு மாதம் கழித்து உருவினால், எந்த ஆழம்வரை செந்துரு ஏறியிருக்கிறதோ அந்த ஆழம்வரை காற்று போயிருக்கிறது. ஒரே கூரையின்கீழ் தட்டைப் பாத்தி ஒன்று, வடிகாலுள்ள மேட்டுப்பாத்தி ஒன்று, மேட்டுப்பாத்தியோடு வெஞ்சுரி பொருத்தியது ஒன்று என மூன்றை அடுத்தடுத்து அமைத்து, கம்பித் துருவின் ஆழத்தையும் மண்ணின் நைட்ரேட்டையும் வாடிய செடிகளின் எண்ணிக்கையையும் விளைச்சலையும் இரண்டு மழைப்பருவம் அளந்தால் போதும். தட்டைப் பாத்தியும் மேட்டுப்பாத்தியும் ஒரே விளைச்சலைத் தந்தால் இங்கே சொன்ன வாதம் தோற்கும், மானியம் முழுதும் கூரைக்கே போகலாம். மேட்டுப்பாத்தி முந்தினால், ஒவ்வொரு புதிய குடிலுக்கும் அனுமதி தருமுன் அதிகாரிகள் அளக்க வேண்டியது கூரையின் பரப்பை அல்ல, அதன் கீழுள்ள நீர்மட்டத்தை.